பள்ளி விட்டதிலிருந்து அம்மா தோட்டத்திலிருந்து திரும்பும்வரை: அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஊர் என்ன ஏற்பாடு செய்யலாம்?

மஞ்சூர் மேடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நீலகிரியில் குந்தா பக்கம், 140 வீடுள்ள ஊர். பாதிப் பேர் சொந்தமாகச் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள், மீதி லயன் வீடுகள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). பஸ் நிழற்குடைக்குப் பின்னால் கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கும் புகையிலை) உறை, பிள்ளைகள் முகரும் பஞ்சர் ஒட்டும் சொலூஷன் ட்யூப், சில நாள் காலி மாத்திரை அட்டை கிடக்கிறது. ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் வந்தால் பேரணியும் உறுதிமொழியும் தவறாமல் நடக்கின்றன. பிள்ளைகள் போதைப் பழக்கத்துக்குப் போகாமல் தடுக்க, அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் எழுத வேண்டும். யார், எப்போது, எவ்வளவு செலவில், எதைச் செய்வது, எங்கே சறுக்கும் என்று வேலையாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

மனநல ஆலோசகர், கோத்தகிரி

நல்ல கேள்வி அண்ணா. முதலில் எதை விட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளின் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். ஒருநாள் நிகழ்ச்சி, பயமுறுத்தும் படம், முன்பு போதைக்கு அடிமையாக இருந்தவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது ஆகியவை பலன் தராத பட்டியலில் இருக்கின்றன. அழுகிய நுரையீரல் படத்தைப் பார்த்த பிள்ளை இரண்டு நாள் பயப்படும். மூன்றாம் நாள் கூல் லிப் வைத்த பக்கத்து பெஞ்ச் பையன் நல்லாத்தான் இருக்கிறான் என்று கண்ணால் பார்க்கும். அதோடு நாம் சொன்ன மற்றதும் பொய்யாகிவிடும்.

பலன் தந்த இடங்களில் பொதுவாக மூன்று விஷயம் இருந்தது: பிள்ளை எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரியும், சாயங்காலம் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கும், பெற்றோர்கள் தங்களுக்குள் ஒரே விதியை ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் கடந்த 30 நாளுக்குள் போதை ஏறக் குடித்தவர்கள் 1998-ல் 42 சதவீதம். 2016-ல் 5 சதவீதம். தினமும் புகைத்தவர்கள் 23-லிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கினார்கள். அங்கே செய்ததும் இந்த மூன்றுதான். கூடவே, 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது என்று சட்டமும், விளையாட்டுக் கட்டணத்துக்கு நகராட்சிப் பணமும் இருந்தன.

அந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் நம் ஊரின் ஓட்டை எது என்று எல்லாருக்கும் தெரியும். பள்ளி நாலேகாலுக்கு விடுகிறது. கொழுந்து எடை போட்டு அம்மா வீடு வர ஆறு, ஆறரை. நடுவில் பூட்டிய வீடு, பனி மூடிய நிழற்குடை, கையில் போன். தீர்மானத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

எடைக்களம்

ஆலோசகர் மேடம் சொன்ன அந்த நேரத்துக்கு மாலைக் கூடம் நடத்த விரும்புகிறவர்களுக்கு நடைமுறைக் கணக்கு.

இடம்: சமுதாயக்கூடம், மகளிர் குழுக் கட்டடம், இல்லாவிட்டால் பள்ளியிலேயே ஒரு வகுப்பறை. பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுச் சாவியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒரே ஆளிடம் சாவி இருந்து, அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டால் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். இரண்டு முறை அப்படி நின்றால் மூன்றாம் முறை வரவே மாட்டார்கள்.

ஆள்: ஒரு நாளைக்கு இரண்டு பெரியவர்கள், திங்கள் முதல் சனி வரை ஆறு நாள், ஆக 12 முறை. 24 பேர் பெயர் கொடுத்தால் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். 12 பேரோடு தொடங்காதீர்கள். கொழுந்து கொட்டும் மாதங்களில் பெண்கள் யாரும் ஐந்து மணிக்கு வர முடியாது. அப்போது கூடம் தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்த மாதங்களுக்கு ஓய்வுபெற்றவர்கள், கல்லூரி படிக்கும் பிள்ளைகள், கடை வைத்திருப்பவர்கள் பெயரை முன்கூட்டியே தனியாக எழுதி வையுங்கள். எந்த நேரத்திலும் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியாக அறையில் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இரண்டு பேர்.

உள்ளே என்ன: குந்தா, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. வெளியே வாலிபாலை மட்டும் நம்பினால் பாதி வருடம் ஒன்றும் நடக்காது. மூன்று கேரம் போர்டு, செஸ், வீட்டுப்பாடத்துக்கு ஒரு மூலை, சூடாக ஏதாவது ஒரு தீனி. தீனியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை அது. ஒரு பங்கு சுண்டலும் டீயும் இருக்கிற இடத்துக்குப் பையன்கள் வருவார்கள்.

முடியும் நேரம்: ஆறு மணி. இங்கே காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் நிற்கும், கூடலூர் பக்கம் யானை. ஏழு மணிவரை நடத்துவது என்றால் ஒவ்வொரு லயனுக்கும் டார்ச்சோடு கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். இதை யோசிக்காமல் தொடங்கிய டியூஷன்களுக்கு முதலில் பெண் பிள்ளைகள் வருவது நிற்கும். அப்புறம் எல்லாரும்.

தேயிலை விவசாயி

எல்லாம் சரி. ஆனால் கண்டிப்பு இல்லாமல் இது அடங்காது. மெடிக்கல் ஷாப்பில் சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் கிடைக்கிறது. 9-ஆம் வகுப்பிலிருந்து எல்லாருக்கும் மாதம் ஒரு முறை செய்யட்டும். மாட்டினால் வீட்டுக்கு 5,000 ரூபாய் ஊர் அபராதம், ஊர்க்கூட்டத்தில் பெயர் வாசிப்பு. அப்போதுதான் பயம் வரும்.

கிராம சுகாதார செவிலியர்

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இந்த இரண்டும் பிள்ளையை நம் கையிலிருந்து கழற்றிவிடும்.

கிட் பற்றி முதலில். கஞ்சா எப்போதாவது புகைத்தவருக்குச் சில நாள், தினமும் புகைத்தவருக்குச் சில வாரம் வரை சிறுநீரில் தெரியும். நேற்று மாலையா, போன மாதமா என்று கிட் சொல்லாது. வலி மாத்திரையாக வரும் டேபன்டடால் ஓபியத்துக்கான சாதாரணப் பரிசோதனைப் பட்டையில் தெரியவே தெரியாது. சொலூஷன் முகர்ந்தது, கூல் லிப் இரண்டுக்கும் கடைக் கிட்டில் வழியில்லை. ஆக, நம் நிழற்குடைக்குப் பின்னால் கிடக்கும் மூன்றும் பரிசோதனையில் தப்பிக்கும். பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்து, தெரிகிற பொருளை விட்டுத் தெரியாத பொருளுக்குப் போவார்கள். அது ஆபத்து கூடின பக்கம்.

அபராதம் யாருடைய பணம்? அம்மாவின் கொழுந்துக் கூலி. பெயர் வாசித்த மறுநாள் அந்தப் பையன் பள்ளிக்கு வரமாட்டான். கேரட் லோடு ஏற்ற நள்ளிரவில் கிளம்பும் பிக்கப்பில் ஏறிவிடுவான். கையில் ரொக்கக் கூலி, சுற்றிலும் விழித்திருக்கப் புகையிலை அடக்கும் பெரியவர்கள். பள்ளியிலிருந்து நீக்குவதற்கும் இதே விளைவுதான்.

கண்டிப்பு வேண்டும்தான். அதை விற்கிறவர் மேலும், பெரியவர்களான நம் மேலும் வைப்போம்.

வழக்குரைஞர், குன்னூர்

செவிலியர் மேடம் விட்ட இடத்திலிருந்து. விற்பவர் மேல் பாயும் சட்டம் கையில் இருக்கிறது. ஊர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: 18 வயதுக்குட்பட்டவருக்கு மது, போதைப்பொருள், புகையிலை எதைக் கொடுத்தாலும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரிவு 78: பிள்ளையை வைத்து விற்றாலோ கடத்தினாலோ அதே தண்டனை. குட்கா, புகையிலை கலந்த மெல்லும் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. மதுவுக்கு நம் மாநிலத்தில் குறைந்த வயது 21.

புகையிலைச் சட்டம் 2003, பிரிவு 6: கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. மலையில் எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். அந்தத் தூரத்தைப் பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும், சாலை வழியாக அல்ல. கொண்டை ஊசி வளைவைச் சுற்றிப் போனால் 300 மீட்டர் இருக்கும் கடை, நேர்கோட்டில் பள்ளிக்குக் கீழே 70 மீட்டரில் இருக்கலாம். கடைக்காரர் ‘ரொம்ப தூரம்’ என்பார். போன் வரைபடத்தில் இரண்டு புள்ளி வைத்து அளந்து, படத்தை அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.

புகாரை 10581 என்ற இலவச எண்ணுக்குச் சொல்லலாம். என்ன பொருள், எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி, வண்டி எண் தெரிந்தால் அது. இவை போதும். பிள்ளைகளின் பெயரை எழுதாதீர்கள். இளைஞர்கள் கூட்டமாகப் போய்க் கடையை அடிப்பதும் வேண்டாம். வழக்கு நம் பக்கம் திரும்பிவிடும்.

இன்னொன்று. ‘ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று பயந்தே பல வீடுகள் மறைக்கின்றன. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டவரோ பயன்படுத்தியவரோ தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம்.

மருந்தாளுநர்

வலி மாத்திரை, தூக்க மாத்திரை பற்றிச் சில வார்த்தை. நைட்ரசெபம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் வருகின்றன. எழுதிக் கொடுத்த டாக்டர், நோயாளி, மருந்து, அளவு நான்கையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டை மறுபடி காட்டுவது, செல்போனில் படம் காட்டுவது, ஒரே சீட்டை நான்கு கடையில் காட்டுவது ஆகிய மூன்று வழியில்தான் கசிகிறது. கொடுத்த உடனே சீட்டின் முகப்பில் தேதியும் கடை முத்திரையும் போட்டால் மூன்றாவது வழி அடைபடும். பஜாரில் இருக்கிற எல்லாக் கடைகளும் சேர்ந்து ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒரு கடை மட்டும் கண்டிப்பானால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போகும்.

வீட்டுப் பக்கம்: தாத்தா பாட்டியின் தூக்க மாத்திரை, ஆபரேஷனுக்கு அப்புறம் மிச்சமான வலி மாத்திரை. அலமாரி மேல் திறந்த டப்பாவில் இருக்கிறதா? பூட்டு உள்ள பெட்டிக்கு மாற்றுங்கள். அட்டையில் மிச்சம் எத்தனை என்று பேனாவால் எழுதுங்கள்.

சொலூஷன், தின்னர், ஒயிட்னர் விற்கும் சைக்கிள் கடை, ஹார்டுவேர் கடை, ஸ்டேஷனரி மூன்றையும் ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். 2019-ல் வந்த தேசிய ஆய்வில், முகரும் பொருள்கள் ஒன்றில்தான் பெரியவர்களைவிட 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் விகிதம் கூடுதலாக இருந்தது. சைக்கிள் இல்லாத பிள்ளை சொலூஷன் கேட்டால் கொடுக்கக் கூடாது. பஞ்சரைக் கடையிலேயே ஒட்டிக் கொடுக்கலாம்.

பிள்ளை முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் கத்தித் துரத்தாதீர்கள். அந்த ரசாயனம் இதயத்தை எளிதில் தடுமாற வைக்கும் நிலையில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் பயந்து ஓடினால் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாம். மெதுவாகப் பேசி, உட்கார வைத்து, காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டி வாருங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108.

பண்ணைக்காடு

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் மலையில் கூடுதலாகப் போதைக் காளான் தொல்லை. இங்கே பையன்களை இழுப்பது முதலில் போதை கிடையாது; காசு. சீசனில் டென்ட், காட்டேஜ், ஜீப் சவாரி என்று சுற்றும் 15, 16 வயதுப் பிள்ளையிடம் டூரிஸ்ட் கேட்கிறார். ‘வழி காட்டினேன்’ என்று கையில் ஐந்நூறு விழுகிறது. அந்தக் காளானில் இருக்கும் சைலோசைபின் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. பறிப்பதும் கைமாற்றுவதும் விளையாட்டில்லை என்று பெற்றோருக்கே தெரிவதில்லை. ‘காட்டில் முளைப்பதுதானே’ என்கிறார்கள். முதலில் பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டும். அப்புறம் காட்டேஜ்காரர்கள். அறைக்குள் நுழையும் இடத்திலேயே ‘இது கேட்காதீர்கள், எங்கள் பிள்ளைகள் ஜெயிலுக்குப் போவார்கள்’ என்று எழுதி ஒட்ட வேண்டும். 18 நிறையாத பிள்ளையைச் சீசன் வேலைக்கு இரவில் தங்க வைக்கக் கூடாது.

அவசரத்துக்கு ஒன்று: தப்பான காளானைத் தின்றவருக்கு 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி பேதி தொடங்கினால் அது மிக மோசமான அறிகுறி. மறுநாள் தேறியதுபோல் தெரியும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தேறிவிட்டான் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கிவிட வேண்டும். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பாலித்தீனில் அழுகிவிடும்.

கொழுந்துக்கூடை

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். தாய்மார்கள் கேட்பது ஒன்று. பையில் கூல் லிப் உறை கிடைத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி என்ன பேசுவது? இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

கிராம சுகாதார செவிலியர்

அன்றைக்கு ராத்திரி பேசாதீர்கள் தங்கச்சி. கோபம் இறங்கட்டும். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் என்ன சொல்வது என்று ஒத்துப்போங்கள். அம்மா அழ, அப்பா பெல்ட் எடுக்க, பாட்டி பேரனை மறைக்க என்று மூன்று திசையில் இழுத்தால் பிள்ளை நடுவில் தப்பித்துவிடும்.

மறுநாள், வேலை செய்துகொண்டே பேசுங்கள். பட்டாணி உரிக்கும்போதோ விறகு அடுக்கும்போதோ. முகத்துக்கு நேராக உட்கார வைத்தால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். “உன் பையில் இதைப் பார்த்தேன். எனக்குப் பயமா இருக்கு. எப்ப ஆரம்பிச்ச, யாரு கொடுத்தா, ஒரு நாளைக்கு எத்தனை வைக்கிற?” அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருங்கள். அது எவ்வளவு நேரமானாலும் சரி. “உன்னால என் மானம் போச்சு” என்ற வாக்கியம் மட்டும் வரக் கூடாது. அதற்கு அப்புறம் பிள்ளை வாயைத் திறக்காது.

கீழுதட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். அதை அடக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கி இருக்கும், ஈறு இறங்கியிருக்கும். காலையில் எழுந்த அரை மணிக்குள் ஒன்று வைக்கிறான் என்றால் உடம்பு பழகிவிட்டது. நிறுத்தியதும் இரண்டு மூன்று நாள் எரிச்சலும் தூக்கக் குறைவும் உச்சத்தில் இருக்கும்; இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். பரீட்சை வாரத்தில் நிறுத்தச் சொல்லாதீர்கள். நினைப்பு வரும்போது பத்து நிமிடம் தள்ளினால் அலை இறங்கும். அந்த நேரத்துக்கு வாயில் போட வறுத்த கடலை, லவங்கம் ஏதாவது கையில் இருக்கட்டும். புகையிலையை நிறுத்த உதவிக்கு 1800-11-2356. நிகோடின் சூயிங்கத்தை டாக்டர் சொல்லாமல் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கஞ்சா, மாத்திரை, ஊசி என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைப் பாருங்கள். பேசுவதற்கு 14416, போதை மீட்புக்கு 14446. சமவெளியில் ‘மறுவாழ்வு மையம்’ என்று போர்டு போட்ட இடத்துக்கு ராத்திரியில் வண்டி வைத்துத் தூக்கிப்போக அனுமதிக்காதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும். 18-க்குட்பட்ட பிள்ளையைப் பெரியவர்களோடு ஒரே அறையில் வைக்கக் கூடாது. வீட்டார் ஒருவர் முழு நேரமும் கூடவே தங்க வேண்டும். ‘மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது’ என்று சொல்லும் இடம் எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மனநல ஆலோசகர், கோத்தகிரி

செவிலியர் அக்கா சொன்னதை ஒரு நாள் பேச்சாக விடாமல் பயிற்சியாக்கலாம். அமெரிக்காவின் அயோவாவில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு உருவாக்கிய ஒரு பயிற்சி இருக்கிறது: ஏழு வாரம், வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம். முதல் மணி பெற்றோர் ஓர் அறை, பிள்ளைகள் வேறு அறை. இரண்டாம் மணி சேர்ந்து. நம் ஊரில் ஞாயிறு மத்தியானம் வைக்கலாம். ஒரு குழுவுக்குப் பத்து வீட்டுக்கு மேல் வேண்டாம். அப்பாக்கள் வருவதுதான் கஷ்டம். அழைப்பை ‘போதை விழிப்புணர்வு’ என்று எழுதினால் ‘என் பிள்ளை அப்படியில்லை’ என்று வரமாட்டார்கள். ‘பிள்ளையின் படிப்பும் போனும்’ என்று எழுதுங்கள். பேச்சும் அதிலிருந்தே தொடங்கட்டும்.

இப்போது பெரியவர்கள் குடிப்பது. இதைத் தீர்மானத்தில் எழுத ஊர்கள் தயங்குகின்றன. நான் எழுதச் சொல்கிறேன். பிள்ளையைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கக் கூடாது. கல்யாணம், இழவு எதிலும் 21 நிறையாதவருக்கு ஊற்றக் கூடாது. நீலகிரியில் 2022 முதல் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள். காட்டுக்கு நல்ல திட்டம். ஆனால் அந்தப் பத்து ரூபாயைப் பாக்கெட் மணியாக வைத்துக்கொள் என்று பாட்டிலைப் பையனிடம் கொடுத்துவிடாதீர்கள். மதுக்கடை வாசல் அவனுக்குப் பழகிப்போகும்.

‘குளிருக்கு ஒரு மூடி’ என்று பிள்ளைக்குக் கொடுப்பதும் நிற்க வேண்டும். மது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடு ஏறியதுபோல் தோன்றும். உண்மையில் உடம்பின் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. பல வருடம் தினமும் நிறையக் குடித்த அப்பா, தீர்மானம் போட்ட அன்றே திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாளில் குழப்பம், நடுக்கம், இல்லாதது கண்ணில் தெரிவது. உயிருக்கே ஆபத்து. சத்தியம் வாங்குவதற்கு முன் ஆஸ்பத்திரியில் காட்டி மருந்தோடு நிறுத்த வையுங்கள்.

எடைக்களம்

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெயரில்லாத சீட்டு, ஆறு கேள்வி, டிக் மட்டும். கடந்த 30 நாளில் எது, எத்தனை முறை, எந்த இடத்தில், எந்த நேரத்தில், சாயங்காலம் நீ எங்கே இருக்கிறாய் என்று வீட்டுக்குத் தெரியுமா, மாலைக் கூடத்துக்கு வாரம் எத்தனை நாள் வருகிறாய். வகுப்பாசிரியர் கையில் வாங்கக் கூடாது, பூட்டிய பெட்டி. மலைப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் எழுத விடாதீர்கள், 8 முதல் 11 வரை எல்லாச் சீட்டையும் கலந்துவிட்டு எண்ணுங்கள். கூடவே ஞாயிறுதோறும் நிழற்குடைக்குப் பின்னால் கிடக்கும் உறைகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். முதல் இரண்டு மாதம் எண்ணிக்கை குறையாது. இடம் மாறவும் செய்யும். பாலத்தடியையும் சேர்த்து எண்ணுங்கள்.

மஞ்சூர் மேடு

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வரைவு இது, திருத்திக் கொடுங்கள்.

1. பள்ளி நாட்களில் மாலை 4.15 முதல் 6 வரை மாணவர்களுக்குச் சமுதாயக்கூடம் திறந்திருக்கும். 24 பேர் சுழற்சி, சாவி இருவரிடம்.
2. பள்ளிச் சுவரிலிருந்து நேர்கோட்டில் 91 மீட்டர் அளந்து, உள்ளே வரும் கடைகளுக்கு ஊர் சார்பில் கடிதம். ஒரு மாதத்துக்குப் பிறகு புகார்.
3. ஊரிலுள்ள எந்த வீட்டு விசேஷத்திலும் 21 வயதுக்குட்பட்டவருக்கு மது இல்லை. பிள்ளைகளைச் சிகரெட் வாங்கவோ பாட்டில் திருப்பவோ அனுப்புவதில்லை.
4. பிடிபடும் மாணவர்கள் பெயர் வெளியே சொல்லப்படாது, அபராதம் இல்லை. செவிலியரும் இரண்டு தாய்மார்களும் வீட்டோடு பேசுவார்கள்.

தேயிலை விவசாயி

அபராதம் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சுழற்சியில் செவ்வாய், வியாழன் என் பெயரைப் போடுங்கள்.

கிராம சுகாதார செவிலியர்

1-லும் 4-லும் ‘மாணவர்கள்’ என்று இருப்பதை ‘18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும்’ என்று மாற்றுங்கள் அண்ணா. பத்தாவதோடு நின்று கேரட் வண்டிக்கும் ஃபாக்டரிக்கும் போகிற பிள்ளைகள் இதில் வரவில்லை. நள்ளிரவு வேலைக்குப் போகிறவர்கள் பகலில் தூங்கி நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். கூடம் திறக்கிற நேரமும் அதுதான்.